பதினோராவது ரெஜிஷா

எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் என் பட்டமளிப்புப் படத்தில் முகம் மட்டும்தான் என்னுடையது. கறுப்பு அங்கியும், சுருட்டிப் பிடித்த காகிதமும், கழுத்துக்குக் கீழே உள்ள மொத்த உடம்பும் வேறு யாருடையதோ. 2008இல் கல்லூரியில் பட்டமளிப்பு விழா நடந்த அன்று எனக்கு மஞ்சள்காமாலை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் என் அப்பா சுந்தரராஜின் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான், பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். அதற்கு ஒரு படம் இல்லாமல் போவதை என் அம்மா செல்லபாய் ஒத்துக்கொள்ளவில்லை. காமாலை இறங்கிய மறுவாரமே என்னைப் புதுக்கடைக்குக் கூட்டிப்போய் சத்தியநேசனின் ஸ்டுடியோவில் உட்காரவைத்தாள்.

அங்கே கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவன் அஜின். என் தலையை வெட்டி அந்த அங்கி உடம்பின்மேல் பொருத்த அவனுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. திரையை என் பக்கம் திருப்பினான்.

"எப்பிடி இருக்கு?"

"கொள்ளாம்" என்றேன்.

"கொள்ளாம்னா?"

"கொள்ளாம்னா கொள்ளாம். நல்லாத்தான் இருக்கு."

"எலே, நீ இங்கிலீசு படிச்சவன்தானே. எங்க தப்பு இருக்குன்னு சொல்லு பாப்போம்."

எங்கள் பக்கத்தில் அப்படி யாரும் கேட்பதில்லை. புது வீடு, கல்யாணப் பெண், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம், மீன் குழம்பு, எதைக் காட்டினாலும் "கொள்ளாம்" என்று சொல்லிவிட்டால் கடமை முடிந்தது. அதற்குமேல் பேசினால் குற்றம் சொல்ல வந்தவன் என்று ஆகிவிடும். அஜினே பென்சிலால் திரையில் தொட்டுக் காட்டினான்.

"உனக்க மூஞ்சியில வெளிச்சம் வலத்த இருந்து விழுது. இந்த உடம்புல இடத்த இருந்து விழுது. ஒரு மனுசனுக்கு ரெண்டு சூரியன் உண்டுமா? உங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. ஆனாலும் தப்பாக்கும்."

பி.எட். இடம் கிடைக்கும்வரை அதே கட்டிடத்தின் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அஜின் பென் டிரைவோடு மாடியேறி வருவான். கடைசி கம்ப்யூட்டர் அவனுக்கென்றே ஆகிவிட்டது. இப்படித்தான் எனக்கு அவன் கதை தெரிந்தது.

அஜின் கடற்கரைக்காரன். அப்பா அல்போன்ஸ் கத்தாரில் மீன்பிடி லாஞ்சில் வேலை. அம்மா செசிலி தலைச்சுமையாக மீன் விற்பவர். ரெஜிஷா என்று ஒரே ஒரு தங்கச்சி, இரண்டாம் வகுப்பு. அவர்கள் ஊர்க் கோயிலில் புனித சந்தியாகப்பர் வெள்ளைக் குதிரைமேல் இருப்பார். வலது முன்னங்காலைத் தூக்கி நிற்கும் மரக்குதிரை. திருவிழாவுக்குச் சப்பரத்தில் ஏற்றும்போது பிள்ளைகள் எல்லாம் புனிதரின் வாளைப் பார்ப்பார்கள், ரெஜிஷா குதிரையின் வயிற்றுக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்ப்பாளாம். உயிருள்ள குதிரையை அவள் கண்டதே இல்லை. "என்னய ஒருக்கா அதுல இருத்துவியாம்மா?" என்று வருஷா வருஷம் கேட்டிருக்கிறாள். "அது புனிதருக்க குதிர. நாம இருக்கப்பிடாது" என்று வருஷா வருஷம் செசிலியம்மா சொல்லியிருக்கிறார்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவளுக்குத் தலை சீவி, கிறிஸ்துமஸ் உடுப்பையே மறுபடி போட்டுவிட்டு, செசிலியம்மா பாத்திரத்தோடு குழாயடிக்கு மேலே ஏறியிருக்கிறார். அஜின் டியூஷனுக்குப் போயிருந்தான். கடல் வந்தது. மூன்றாம் நாள் ரெஜிஷாவைக் கண்டெடுத்து, மற்றவர்களோடு சேர்த்துப் பெரிய குழியில் வைத்தார்கள். முகத்தைப் பார்க்க அம்மாவை விடவில்லை. பார்க்கிற மாதிரி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டோடு படங்களும் போயின. ஞானஸ்நானப் படம், அப்பா லீவில் வந்தபோது எடுத்த படம், எதுவும் மிஞ்சவில்லை. அந்த வருஷங்களில் கடற்கரை முழுவதும் இதே நிலைமைதான். பிள்ளையின் முகம் எங்கேயாவது கிடைக்குமா என்று யாருடைய கல்யாண வீடியோவையாவது தூக்கிக்கொண்டு ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கினார்கள். அஜினும் அப்படித்தான் சத்தியநேசனிடம் வந்தான். அவனிடம் கொடுக்க ஒரு படமும் இல்லை. வேலை பார்க்க அங்கேயே நின்றுவிட்டான். எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டத்திலிருந்து வெட்டியெடுத்து, பூந்தோட்டத்திலும் மேகத்திலும் உட்காரவைத்துக் கொடுத்தான்.

ஒருநாள் செசிலியம்மா கேட்டுவிட்டார். "ஊருல உள்ள பிள்ளையள எல்லாம் எங்கெங்கயோ கொண்டு இருத்துதியே மக்கா. நம்ம பிள்ளைய ஒருக்கா அந்தக் குதிரையில இருத்தித் தா. நான் வேண்டாம்னு சொன்னேன்லா."

அதற்குப் பிறகுதான் அவள் முகம் உள்ள ஒரு படத்தைத் தேடிப் பிடித்தான். அவளுக்குப் பாடம் எடுத்த லீமா டீச்சர் வீடு மேட்டில் இருந்ததால் அவர் அலமாரியில் வகுப்புப் படம் ஒன்று பிழைத்திருந்தது. நாற்பத்திரண்டு பிள்ளைகள். முன்வரிசையில் ஒரு பையன் மடியில் சிலேட்டு, அதில் "இரண்டாம் வகுப்பு ஆ". மூன்றாவது வரிசையில் நான்காவதாக ரெஜிஷா. முகம் ஒரு பயறு அளவு. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள்.

அந்தப் பயறை ஆளளவுக்குப் பெரிதாக்கி ஒரு குதிரைமேல் உட்காரவைக்க வேண்டும். பார்த்ததும் அம்மா நம்ப வேண்டும். அஜினுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பெரிய காரியம் அது. 2009 டிசம்பர் 26க்கு ஐந்து வருஷம் ஆகும். நினைவுத் திருப்பலிக்கு எல்லா வீட்டிலிருந்தும் பிள்ளைகள் படத்தைப் பீடத்தின்முன் கொண்டுவைப்பார்கள். நான்கு வருஷமும் செசிலியம்மா வெறும் மெழுகுதிரியோடு போனவர். ஐந்தாம் வருஷம் படத்தோடு போகவேண்டும் என்பது அவன் வைராக்கியம்.

குதிரைக்காக இணையத்தில் தேடப் போய்த்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தான். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் கூடி, குதிரைப் படங்களை வெட்டி ஒட்டிப் புதுப் படமாகச் செய்யும் ஒரு மன்றம். ஒருத்தி குதிரைக்குச் சிறகு வைப்பாள், இன்னொருவன் நிலாவில் ஓடவிடுவான். செய்ததைப் போட்டால் மற்றவர்கள் வந்து குறை சொல்வார்கள். அதற்கென்றே தனிப் பகுதி. விதியும் உண்டு: நீ ஒரு படம் போட்டால் மற்றவர்களின் இரண்டு படங்களுக்குக் குறை எழுதவேண்டும். நல்லது ஒன்று சொல்லி, பிறகு தப்பைச் சொல்லி, திருத்தும் வழியையும் சொல்லவேண்டும். "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் அழித்துவிடுவார்கள்.

"கண்டியாலே ஷிபின், கொள்ளாம்னு சொன்னா இஞ்ச குத்தம்" என்று அஜின் சிரித்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஆங்கிலம் என் பொறுப்பு. அவன் சொல்வதை நான் எழுதினேன், அவர்கள் எழுதியதை அவனுக்குச் சொன்னேன். மூன்று வருஷம் படித்த இலக்கியம் முதல்முறையாக ஒருவருக்குப் பயன்படுகிறது என்ற பெருமை எனக்கு இருந்தது. முதல் படத்தைப் போடும்போது நான் கேட்டேன்: "இது உனக்க தங்கச்சின்னு எழுதட்டா? சுனாமியில போனவன்னு?"

"எழுதாத."

"எழுதுனா நல்லா உதவி செய்வாவ மக்கா."

"செத்த பிள்ளன்னு சொன்னா எல்லாரும் அழுதுகிட்டு நல்லாருக்குன்னுதான் சொல்லுவாவ. எனக்குத் தப்பு தெரியணும்."

அவன் கொடுக்கும் குறைகளுக்கு அந்த மன்றத்தில் சீக்கிரமே மதிப்பு வந்துவிட்டது. கடற்கரையில் குதிரை ஓடுவதுபோல் யார் படம் போட்டாலும் எல்லோரும் குதிரையைப் பார்ப்பார்கள், அஜின் மணலைப் பார்ப்பான். "ஈர மணல்ல கால வச்சா, சுத்தி உள்ள மண்ணு ஒரு நொடி வெளுக்கும். பொறவுதான் தண்ணி ஊறிக் கறுக்கும். இதுல அது இல்லன்னு எழுது" என்பான். "இந்த அலை மேல ஏறுத அலை. நுரை எறங்குத மாதிரி கெடக்கு. ரெண்டுல ஒண்ண மாத்தச் சொல்லு." நார்வேயிலிருந்து இங்க்ரிட் என்று ஒரு அம்மா. சொந்தமாகக் குதிரை வளர்ப்பவர், மன்றத்திலேயே கறாரானவர். அவரே ஒருமுறை, "நான் முப்பது வருஷமாகக் கடற்கரையில் குதிரை ஓட்டுகிறேன், இதைக் கவனித்ததே இல்லை" என்று எழுதினார். நான் அதை வாசித்துச் சொன்னதும் அஜின் கீழே ஓடிப்போய் சத்தியநேசனிடம் சொன்னான்.

சத்தியநேசன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். "நார்வேக்காரி கொள்ளாம்னு சொல்லிட்டா. நெடுவிளைக்காரன் ஆல்பம் எங்கலேன்னு கேக்கான். அவனுக்கு என்ன சொல்லட்டு, குதிரைக்குக் குளம்பு தடவிட்டு இருக்கோம்னா?"

"இன்னைக்கு முடிச்சுருவேன் அண்ணே."

"சவத்த, மொதல்ல மாப்பிள்ளைக்கு முடி வச்சுக் குடு. பொறவு குதிரைக்கு வால் வைக்கலாம்."

திட்டுவாரே தவிர, ரெஜிஷா படம் திரையில் இருக்கும்போது அவர் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போவார்.

ரெஜிஷாவின் படத்தைப் பத்து முறை செய்தான். முதல் படத்துக்கு, குதிரை மண்ணைத் தொடாமல் மிதக்கிறது என்றார்கள். இரண்டாவதில் பிள்ளையின் எடை குதிரையின் முதுகில் தெரியவில்லை. மூன்றாவதில் கை கடிவாளத்தைப் பிடிக்கவில்லை, சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறது. எல்லாம் உண்மைதான். ஒவ்வொன்றாகத் திருத்தினான். ஆறாவது படத்துக்கு இங்க்ரிட் எழுதினார்: "வானம் மேகம் மூடிக் கிடக்கிறது. ஆனால் குழந்தை வெயிலில் நிற்பதுபோல் கண்ணைச் சுருக்குகிறது. இரண்டும் சேராது."

கண்ணைத் திறக்கவேண்டும். கூட்டப் படத்தில் யாராவது கண்ணை மூடியிருந்தால் வேறொருவர் கண்ணை எடுத்து ஒட்டுவது எங்கள் ஊர் ஸ்டுடியோக்களில் அன்றாட வேலை. ஆனால் எந்தப் பிள்ளையின் கண்ணை எடுத்து வைத்தாலும் அஜினுக்கு மனசு ஒப்பவில்லை. கடைசியில் ஸ்டூலில் உட்கார்ந்து என் கையில் கேமராவைக் கொடுத்தான்.

"எனக்க கண்ண எடு. அண்ணனும் தங்கச்சியும்லா, ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

எடுத்தேன். அவன் கண்ணைச் சிறிதாக்கி அவளுக்கு வைத்தான். ஏழாவது ரெஜிஷா நேராக எங்களைப் பார்த்தாள்.

பத்தாவது படம் நவம்பரில். இனி ஒன்றும் சொல்ல இருக்காது என்று நினைத்துத்தான் போட்டோம். இங்க்ரிட் ஒரே ஒரு குறை சொன்னார். அது பெரிய குறை. "குதிரைக்கு வெளிச்சம் வலப்பக்கமிருந்து வருகிறது. குழந்தையின் முகத்துக்கு இடப்பக்கமிருந்து. ஏதாவது ஒன்றை இடவலமாகத் திருப்பிவிடுங்கள், சரியாகிவிடும்."

ஒரு மனுசனுக்கு ரெண்டு சூரியன் உண்டுமா என்று என்னிடம் கேட்டவன், தன் தங்கச்சியின் முகத்தில் அதைக் கவனிக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டான்.

"குதிரையத் திருப்ப முடியாது. கோயில்குதிர வலத்த கால்லா தூக்கி நிக்கும். திருப்புனா எடத்த கால் ஆயிரும். அம்மை ஒடனே கண்டுபிடிச்சிருவா."

"அப்பம் பிள்ளையத் திருப்பு" என்றேன் நான். "பிள்ளைக்கு என்ன, ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே."

அந்த வாக்கியத்தைச் சொன்னவன் நான். வேறு யாரும் இல்லை.

படத்தைத் திருப்புவதற்கு சத்தியநேசன் ஒரு கணக்கு வைத்திருந்தார். திருப்பினால் சட்டைப் பாக்கெட் வலப்பக்கம் போய்விடும், முந்தானை தோள் மாறிவிடும், வாட்ச் கை மாறிவிடும், எழுத்து இருந்தால் இடவலம் மாறித் தெரியும். கல்யாண வீட்டார் இதில்தான் பிடிப்பார்கள். அவரும் வந்து பார்த்தார். கவுனில் பாக்கெட் இல்லை. கையில் வாட்ச் இல்லை. எழுத்து இல்லை. "ஒண்ணுமில்ல, திருப்பு" என்றார். அஜின் ஒரு பொத்தானை அழுத்தினான். வெளிச்சம் சேர்ந்துவிட்டது. குதிரையும் பிள்ளையும் ஒரே காலையில் ஒரே கடற்கரையில் நின்றார்கள்.

பதினோராவது படத்துக்கு இங்க்ரிட் குறை எதுவும் எழுதவில்லை. அந்த மாதத்தின் சிறந்த படமாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். முப்பத்தாறு பேர் எழுதியிருந்தார்கள். அத்தனையையும் நான் அச்சடித்து எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 24 மத்தியானம். புதுக்கடைக்குப் பக்கத்திலிருந்த சுனாமி குடியிருப்பில் அவர்கள் வீடு. வாசல் வாசலாகக் காகித நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. செசிலியம்மா அப்போதுதான் சந்தையிலிருந்து வந்து மீன் சுமக்கும் சருவத்தைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். நாங்கள் துணி சுற்றிய பெரிய சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும் விஷயம் புரிந்துவிட்டது. மறுபடி போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முகத்தையும் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து தரையில் அமர்ந்தார்.

அஜின் துணியை எடுத்தான்.

முதலில் குதிரையைத்தான் பார்த்தார். "கால் சரியா இருக்கு. வலத்த கால்" என்று சொல்லிச் சிரித்தார். அஜின் என்னைப் பார்த்தான். பிறகு அவர் பிள்ளையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வலது கை தானாக எழுந்து கண்ணாடிக்குமேல் அவள் தலையில் போய் நின்றது. சீப்பு பிடித்ததுபோல் விரலைக் கூட்டி, நெற்றியிலிருந்து பின்னால் ஒரு இழுப்பு. கை நின்றது. மறுபடி ஒரு இழுப்பு. மறுபடியும் பாதியில் நின்றது.

"இது ஆரு மக்கா?"

"நம்ம ரெஜிஷா அம்மா."

"இல்ல. அவளுக்கு முன்னால வலத்த ஒரு சுழி உண்டு. அங்க முடி படியாது. நான் எடத்தப் பக்கம்தான் வகிடு எடுப்பேன். ஏழு வருசம் எனக்க கை எடுத்த வகிடு. இவளுக்கு வலத்த கெடக்கு."

அஜின் குனிந்து வகிட்டைப் பார்த்தான். அவன் ஒருநாளும் அவளுக்குத் தலை சீவியதில்லை. நான் கையிலிருந்த காகிதங்களைப் பிரித்தேன். "அம்மா, இது உலகத்துல பெரிய பெரிய ஆளுவ பாத்து, மாசத்துக்கே நல்ல படம்னு எடுத்தது. நார்வேயில ஒரு அம்மா என்ன எழுதியிருக்காவன்னா..." என்று வாசித்து அர்த்தம் சொல்லத் தொடங்கினேன். இரண்டு மூன்று வரி கேட்டார்.

"அவங்க நம்ம பிள்ளையக் கண்டதுண்டா மக்களே?"

நான் காகிதத்தை மடித்தேன்.

அவர் இன்னும் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து அஜினைப் பார்த்தார், மறுபடி படத்தை. "கண்ணும் அவளுக்க கண்ணு இல்ல. இது உனக்க கண்ணுல்லா." கோபமே இல்லாமல்தான் சொன்னார். "அவ வெயிலு கண்டா மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கிடுவாளே. அது எங்க?"

அது முகில்வானத்துக்குச் சேரவில்லை என்று நாங்கள் எடுத்துவிட்டோம்.

மறுநாள் கிறிஸ்துமஸ். சத்தியநேசன் ஆராதனை முடிந்து கேக்கு வாயோடு வந்து எங்களுக்காக ஸ்டுடியோவைத் திறந்துவிட்டார். அஜின் உட்கார்ந்து பிள்ளையை மறுபடி திருப்பினான். தன் கண்ணை எடுத்துவிட்டு, பயறு முகத்திலிருந்த சுருங்கின கண்ணையே வைத்தான். வெளிச்சம் மறுபடி தப்பாகிப்போனது. அதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. லீமா டீச்சரின் வகுப்புப் படத்தையும் கூடவே எடுத்துக்கொண்டோம். வழியெல்லாம் நான் மனசுக்குள் வாதம் தயார்செய்துகொண்டே போனேன்.

புதுப் படத்தை வைத்தோம். நான் வகுப்புப் படத்தைக் காட்டி, "பாருங்க அம்மா, சிலேட்டுல எழுத்து நேரா இருக்கு. அப்பம் இதுதான் நேரான படம். இதுல வகிடு எடத்த இருக்கு. நம்ம படத்துலயும் இப்பம் எடத்த இருக்கு. சரியாயிட்டு" என்று நிரூபித்தேன்.

"நீங்க படிச்சவங்க. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். கையைத் தூக்கிப் படத்தில் வைத்தார். இந்த முறை கை பாதியில் நிற்கவில்லை. ஆனால் இழுக்கவும் இல்லை. சும்மா கிடந்தது.

"என்ன அம்மா?" என்றான் அஜின். "இன்னும் என்ன தப்பு? சொல்லும்மா. நான் மாத்துதேன். எத்தன தடவ வேணும்னாலும் மாத்துதேன்."

"தப்பு ஒண்ணும் இல்ல மக்கா."

"பின்ன?"

"நேத்து ராவு கண்ண மூடினேன். எப்பமும் மூடுனா வருவா. தல சீவ எனக்க முன்னால வந்து இருப்பா, பின்னந்தலை தெரியும். பொறவு திரும்பிப் பாப்பா. நேத்து அவ வரல்ல. இந்தக் குதிரையில இருக்கவதான் வந்தா. வகிடு மாறினவ." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "இன்னைக்குக் காலையிலயும் பாத்தேன். இவதான் வாறா."

அஜின் எழுந்து வெளியே போனான். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ கேக்கு கொண்டுவந்து நீட்டியதை வாங்காமல் கடந்துபோனான்.

26ஆம் தேதி நினைவுத் திருப்பலிக்கு நானும் போயிருந்தேன். பீடத்தின்முன் படங்கள் வரிசையாக இருந்தன. பாதிக்குமேல் அஜின் கையால் செய்தவை. செசிலியம்மா மெழுகுதிரியோடு வந்தார். மௌன ஜெபத்தின்போது எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். அவர் மூடவில்லை. மெழுகுதிரிச் சுடரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பின்னால் நின்ற அஜின் தலையை நிமிர்த்தவே இல்லை.

ஜனவரியில் ஒருநாள் மாடியேறி வந்தான். இங்க்ரிட்டிடமிருந்து செய்தி வந்திருந்தது: "அடுத்த படம் எப்போது? அந்தக் குழந்தை யார் என்று கேட்டால் சொல்வீர்களா?" வாசித்துச் சொன்னேன்.

"என்ன எழுதட்டு?"

"நன்றின்னு எழுது. அவங்க சொன்னதெல்லாம் சரியாக்கும். தப்பு அவங்களுக்கு இல்ல." பிறகு சொன்னான்: "ஆருக்கிட்ட மொதல்ல கேக்கணுமோ அந்த அம்மைக்கிட்ட கேக்கல்ல. முழுசா முடிச்சுக் காட்டணும்னு நெனச்சேன். வீடு பஸ்சுல பத்து நிமிசம்லா, ஷிபின்."

பதினோரு படங்களையும் ஒவ்வொன்றாக அவனே அழித்தான். ஒவ்வொன்றுக்கும் "நிச்சயமா?" என்று அந்த மன்றம் கேட்டது. அர்த்தம் என்னிடம் கேட்காமலேயே அழுத்தினான்.

அதன்பிறகும் ஒரு வருஷம் ஸ்டுடியோவில் இருந்தான். கல்யாண ஆல்பம் செய்தான், கட்அவுட் செய்தான். செத்த பிள்ளைகள் படம் வந்தால் மட்டும், பெற்றவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "நீங்க சொல்லுங்க, நான் செய்யுதேன்" என்பான். முடித்ததும் "எப்பிடி இருக்கு?" என்று கேட்பதை விட்டுவிட்டான். வீட்டில் அம்மா அவனிடம் முன்போலத்தான் இருந்தார். ஆனால் சோறு பரிமாறும்போது தன் கண்ணைப் பார்ப்பதில்லை என்று ஒருதடவை சொன்னான். 2011இல் அப்பா இருந்த லாஞ்சிலேயே வேலைக்குப் போய்விட்டான். கடலுக்கே போகமாட்டேன் என்று பத்தாம் வகுப்பில் சத்தியம் செய்தவன்.

எனக்கு பி.எட். முடிந்து, வடசேரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்தது. 2013 ஜூனில் சேருவதற்கு முந்தின வாரம் சொல்லிவிட்டு வரலாம் என்று செசிலியம்மா வீட்டுக்குப் போனேன். நிறைய சந்தோஷப்பட்டார். நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்தார். கிளம்பும்போது பீரோவுக்கு மேலிருந்து பேப்பர் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார். திருத்தின படம்தான்.

"நீ வச்சுக்க மக்களே. தூரக் களையவும் மனசு வரல்ல. இது இஞ்ச இருந்தா மத்தவ, நம்ம பிள்ள, வரமாட்டா போலத் தோணுது."

"இப்பம் வருதாளா அம்மா?"

அவர் என் கையில் படத்தைச் சரியாகப் பிடிக்கவைத்தார். "பஸ்சுல கண்ணாடி ஒடையாமப் பாத்துக்க" என்றார்.

பஸ்ஸில் கூட்டம். படத்தை மடியில் நிறுத்திப் பிடித்திருந்தேன். பேப்பர் ஒரு மூலையில் கிழிந்து குதிரையின் தலையும் பிள்ளையின் முகமும் வெளியே தெரிந்தன. பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா, மடியில் காய்கறிப் பையோடு, எட்டிப் பார்த்தார்.

"கொள்ளாம். ஆருக்க பிள்ள மக்களே?"

நான் அதை முழுதாக மூட முயன்றேன். பேப்பர் எட்டவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தின்மேல் போட்டேன். இறங்கும் இடம் வரும்வரை அது காற்றில் பறக்காமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டே இருந்தேன்.